எச்சில் படாத பல்

“இந்தப் பல்லுல எலும்பு இருக்கா?” என்று ஒருவர் கேட்டால், “பல்லே எலும்பு மாதிரிதானய்யா” என்று பதில் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். கேட்டவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சீவிய முன்பல்லோடு போனார் என்பதுதான் விசேஷம். அவரோடு என் வேலையும் படியிறங்கிப் போயிருக்க வேண்டியது.

எண்பதுகளின் தொடக்கம். மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் டாக்டர் கோபால்சாமியின் பல் கிளினிக். அதன் பின்கட்டில் நான் டென்டல் டெக்னீஷியன். டாக்டர் பல்லைச் சீவி அளவெடுப்பார். அந்த அளவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி மாடல் எடுத்து, அதன் மேல் புதுப் பல் கட்டுவது என் பாடு. முகத்தைப் பார்க்காமல் பல்லை மட்டும் பார்க்கும் உத்தியோகம். ஊரில் என் மாமனார் “மருமகன் டாக்டருக்கு அடுத்தபடி” என்று சொல்லி வைத்திருந்தார். இடத்தைப் பொறுத்தவரை அது உண்மை. எனக்கும் டாக்டருக்கும் நடுவே ஒரு தட்டிதான் இருந்தது.

பீங்கான் பல் கட்டும் வேலையை மெட்ராஸில் ஒரு லேபில் கற்றுக்கொண்டு வந்தேன். வந்த கையோடு டாக்டரை நச்சரித்து காற்றை உறிஞ்சிவிட்டுப் பீங்கானைச் சுடுகிற ஒரு வாக்குவம் பர்னஸ் வாங்க வைத்தேன். பிரஷர் குக்கரைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். அதை வாங்கிய பிறகு எனக்குத் தலை கொஞ்சம் கனத்திருந்தது என்று என் மனைவி சொல்வாள். வேலை தெரிந்தவனுக்குத் தலை கனப்பது இயல்புதான். எனக்கு வேலை தெரியும். ஆட்களைத்தான் தெரியாது.

1. பஸ் கம்பி

படியிறங்கிப் போனவர் அம்பலவாண ஓதுவார். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். உரத்த குரல், உரத்த திருநீறு. மேலூரிலிருந்து மதுரைக்கு வரும்போது டிரைவர் போட்ட பிரேக்கில் முன்சீட்டுக் கம்பி அவருடைய மேல் முன்பல்லில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. வேறு யாருக்காவது இது முகத்தழகு சமாச்சாரம். இவருக்குத் தொழிலே முன்பல்லில் இருந்தது. வாயைத் திறந்து “சிவ” என்றால் முன்னால் ஒரு விசில் வந்தது. அந்தச் சொல் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் ஓடாது.

கோயிலில் கும்பாபிஷேகம் அடுத்த மாதம். அவர் பாடிக் காட்டியதைக் கேட்ட கோயில் நிர்வாகி, பொறுப்பாகவும் மரியாதையாகவும், அன்றைக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஒருவரைப் பாட அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு மட்டும் வந்தவர்கள் அப்படியே தங்கிவிடுவதை ஓதுவார் வேறு கோயில்களில் பார்த்திருந்தார்.

“இருவது வருசமா நான் நிக்கிற எடம் தம்பி அது” என்றார் என்னிடம். “ஒரு பல்லுக்காக விட்டுப்போட்டு வர முடியாது.”

டாக்டர் வேரைச் சுத்தம் செய்து அடைத்து, பல்லைச் சுற்றிலும் சீவி, தற்காலிகமாக ஒரு அக்ரிலிக் தொப்பி மாட்டி அனுப்பினார். இனி என் வேலை.

2. நாலு வழி

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்குப் பட்டியல் பெரிது. ஒரு மேல் முன்பல்லுக்கு அன்று எங்களிடம் இருந்தது நாலே வழி.

முதலாவது தங்கம். உறுதி, ஈறோடு ஒத்துப்போகும், எதிர்ப்பல்லைத் தேய்க்காது. கடைவாய்க்கு அதைவிட நல்ல பொருளை இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் முன்பல்லில் தங்கம் போட்டால் சிலருக்கு அந்தஸ்து. சிலருக்கு வட்டிக்கு விடுகிறவர் முகம் வந்துவிடும். ஓதுவார் அதை யோசிக்கக்கூட இல்லை.

இரண்டாவது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். சீக்கிரம் கட்டலாம். அதே சீக்கிரத்தில் தேயும். காபி, வெற்றிலை, மஞ்சள் எதுவானாலும் உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நாளில் வாடையும் தரும்.

மூன்றாவது மெட்டல் செராமிக். உள்ளே நிக்கல் குரோமியத்தில் மெல்லிய தொப்பி வார்த்து, மேலே பீங்கான் ஏற்றிச் சுடுவது. உலோகத்தின் கறுப்பை மறைக்க முதலில் ஒப்பேக் என்ற சுண்ணாம்பு மாதிரி ஒரு பூச்சு, அதற்கு மேல் பல்லின் உடல் நிறம், முனையில் கண்ணாடி போன்ற எனாமல். எருமை பூட்டி இழுத்தாலும் உடையாது. குறை ஒன்றுதான். ஈறு ஓரத்தில் நாளாவட்டத்தில் ஒரு சாம்பல் கோடு தெரியும். மற்றவர்களுக்குப் பரவாயில்லை. இவர் வாயை ஆகாயத்துக்குத் திறந்து பாடுகிறவர்.

நாலாவது ஜாக்கெட். உலோகமே கிடையாது. மாடல் பல்லின் மேல் பிளாட்டினத் தகட்டை வெங்காயத் தோல் மாதிரி ஒட்டச் சுற்றி, அதன் மேல் அலுமினா கலந்த பீங்கானைக் கட்டிச் சுட்டு, பிறகு தகட்டை உரித்தெடுத்துவிடுவது. வெளிச்சம் உள்ளே போய் வரும். பக்கத்துப் பல்லோடு நின்றால் எது பிறந்தது, எது செய்தது என்று தெரியாது. ஆனால் கடி பலமாக இருந்தால் டப்பென்று போய்விடும்.

ஆகவே எந்தப் பொருள் உயர்ந்தது என்று கேட்பது வீண். எந்தக் கடிக்கு எந்தப் பொருள் என்று கேட்க வேண்டும். மேல் மாடலையும் கீழ் மாடலையும் சேர்த்துக் கடிக்க வைத்துப் பார்த்தேன். கீழ்ப் பற்கள் மேல் பல்லை முட்டவில்லை. அடக்கமாகப் பின்னால் நின்றன. ஜாக்கெட்டுக்கென்றே செய்து வைத்த வாய்.

டாக்டருக்குத் துணிச்சல் வரவில்லை. “ஒடைஞ்சா கும்பாபிஷேகத்தன்னிக்கு மைக்குலதான்ப்பா ஒடையும். ஊருக்கே கேக்கும்” என்றார்.

“இந்தக் கடிக்கு ஒடையாது சார்” என்றேன். அவர் என்னையும் மாடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

3. ஜாடியா, கோப்பையா

நிறம் பார்க்க ஓதுவார் வந்த அன்று கூடவே அவர் மனைவியின் தம்பி சுந்தரம் வந்தார். கீழ மாசி வீதிப் பக்கம் ஊறுகாய் ஜாடியும் கப்பு சாஸரும் விற்கிற கடை அவருக்கு. நிறம் எப்போதும் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ட்யூப் லைட்டை நம்பிக் கட்டிய பல் வெயிலில் வேறு ஒருவருடைய பல்லாகத் தெரியும். மாதிரிப் பற்களை நிறவாரியாக அடுக்கிய ஷேட் கைடை நீட்டினேன். எல்லோரையும் போல ஓதுவாரும் இருப்பதிலேயே வெள்ளையானதைத் தொட்டார். எல்லோரிடமும் போல அவரிடமும் நான் அதைப் பிடுங்கிக்கொண்டு, வெற்றிலைக்குப் பழகிய அவருடைய மற்றப் பற்களுக்குச் சேருகிற பழுப்பை எடுத்தேன்.

அப்போதுதான் சுந்தரம் கேட்டார், இது என்ன சாமான் என்று. பீங்கான் என்றேன், பெருமையாக.

“பீங்கானா? அத்தான், வேணாம்” என்றார் அவர். “அதுல மாட்டெலும்புச் சாம்பல் கலப்பாய்ங்க. விக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?”

அதற்குப் பிறகுதான் ஓதுவார் அந்தக் கேள்வியைக் கேட்டதும், நான் அந்தப் பதிலைச் சொன்னதும், அவர் துண்டை உதறியதும்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. “அளவெடுத்த மாடலை பத்திரமா வச்சுக்க. கெணத்துல குதிக்கிறப்ப கழுத்துல கட்டிக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

நம்பிக்கை மட்டும் எனக்குக் குறையவில்லை. டாக்டரின் தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பல் பீங்கானில் பெரும்பகுதி பெல்ட்ஸ்பார் என்ற கல், அடுத்தது குவார்ட்ஸ், மிச்சம் கொஞ்சம் களிமண்ணோ அலுமினாவோ. எலும்பு எங்கும் இல்லை. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுந்தரத்தின் கடைக்குப் போனேன்.

அவர் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்தார். பக்கத்தில் மெல்லிய ஒரு வெளிநாட்டுக் கோப்பையை வைத்தார்.

“அண்ணே, ஜாடி வெறும் மண்ணு. எங்கக்கா வீட்டுலயே அதுலதான் நார்த்தங்கா கெடக்கு. இந்தக் கப்புதான் எலும்பு. எப்பிடிக் கண்டுபிடிக்கிறதுன்னு பாருங்க.” கோப்பைக்குள் விரலை விட்டு வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே விரலின் நிழல் தெரிந்தது. “ஜாடியில இது தெரியாது. இப்பச் சொல்லுங்க, ஒங்க பல்லுல வெளிச்சம் தெரியுமா, தெரியாதா?”

மாட்டிக்கொண்டேன். ஜாக்கெட்டின் அழகே வெளிச்சம் உள்ளே போவதில்தான் இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு வாரமாகப் பேசியவன் நான். மனுஷர் சொன்னதில் தப்பும் இல்லை. அந்த ரகக் கோப்பையில் எலும்புச் சாம்பல் உண்டு. என் பவுடரில் வெளிச்சம் வருவது பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாவதால். இதைச் சொன்னேன். புத்தகத்தையும் திறந்து காட்டினேன்.

“புஸ்தகம் போட்டவன் வெள்ளக்காரன். அவனுக்கு எலும்பு ஒரு குத்தமாண்ணே?” என்றார் சுந்தரம்.

வியாபாரி பேச்சு. ஆனால் நியாயமான பேச்சு. காகிதத்தில் இருப்பதைக் காட்டி ஒருவர் வாய்க்குள் ஒரு பொருளை வைக்க முடியாது. அங்கிருந்தே மேலூர் பஸ் பிடித்தேன்.

4. மேலூர்க் கல்

எனக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். அங்கே கரிசல், கல்லைத் தேட வேண்டும். மேலூரில் கல்லைத் தவிர மற்றதைத் தேட வேண்டும். ரோட்டோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், வெள்ளையும் ரோஸுமாக மணி மணியாகத் தெரிகிற ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார். பல் கட்ட என்றேன்.

“யாருக்கு, யானைக்கா?” என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன மாதிரியே ஒரு துண்டைப் பொறுக்கிக் கொடுத்தார்.

கிரானைட்டை உற்றுப் பார்த்தால் மூன்று சரக்கு தெரியும். கறுப்பாக மினுங்குவது மைக்கா. கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, உடைத்தால் வழவழப்பாகப் பிளப்பது பெல்ட்ஸ்பார். கறுப்பைத் தள்ளிவிட்டால் மிச்சம் இரண்டும் என் பவுடர் டப்பாவில் இருக்கிற சரக்குதான். வேறு மலை; அதே கல்.

லேபுக்கு வந்து பார்க்கும்படி ஓதுவாருக்கு ஆள் அனுப்பினேன். வரமாட்டேன் என்றுதான் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த வாரமே பாடிப் பழகும்போது தற்காலிகத் தொப்பி தெறித்து முன்னால் இருந்த உண்டியல் மேல் விழுந்திருக்கிறது. அதை ஒட்டிக்கொள்ள வந்துதான் ஆக வேண்டியிருந்தது. வந்தவரை லேபுக்குள் உட்காரவைத்தேன். காவலுக்குச் சுந்தரமும் வந்திருந்தார்.

அவர்கள் கண்ணெதிரே கல்லை உடைத்தேன். வெள்ளை மணிகளை மட்டும் இடுக்கியால் பொறுக்கி, கல்வத்தில் மைபோல அரைத்தேன். பர்னஸின் சூட்டுக்கு அது தனியாக உருகாது. ஆகவே நகைப் பத்தர்கள் பற்றவைக்கப் போடுகிற வெங்காரத்தைத் தாராளமாகச் சேர்த்தேன். ஒரு துண்டு பிளாட்டினத் தகட்டில் குவித்து உள்ளே தள்ளினேன். இது சரியாக வரும் என்று எனக்கு எவ்வளவு நிச்சயம் என்றால், முதல் நாளே இரண்டு முறை செய்து பார்த்திருந்தேன். ஒரு முறை சரியாக வந்தது.

வெளியே எடுத்து ஆறவிட்டதும் தகட்டில் ஒரு மணி உட்கார்ந்திருந்தது. பால் நிறமும் பழுப்பும் கலந்து, பீடி குடிக்கிறவர் பல் மாதிரி. கல்லில் இருக்கிற இரும்பின் வேலை அது. சுந்தரம் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் தெரிந்தது.

“எலும்பு எங்க போட்டேன், சொல்லுங்க” என்றேன் அவரிடம்.

அவர் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கல்லு, அத்தான்” என்றார் கடைசியில். “நம்மூருக் கல்லு.”

ஓதுவார் அதை உள்ளங்கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார். சாமியும் கல்தானே என்று எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. எலும்பைப் பற்றி ஏற்கெனவே ஒரு தடவை பேசி அனுபவப்பட்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

“கட்டுங்க தம்பி” என்றார். “ஆனா கட்டுறப்ப நான் பக்கத்துல இருப்பேன்.”

5. பிரஷ்

ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்கில் ஆள் இருக்காது என்று அன்றைக்கு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் இட்லிக்குக் குடல் குழம்பு என்பதை அப்போது யோசிக்கவில்லை.

ஓதுவார் குளித்து, பூசி, ஸ்டூலில் என் வலப்பக்கம் உட்கார்ந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு ரசிகர் உட்கார்ந்து பார்க்கிற டெக்னீஷியன் மதுரையில் அன்று நான் ஒருவன்தான். பல்லின் உள்ளே நிற்கும் அலுமினாக் கருவை முன்னாடியே கட்டிச் சுட்டு வைத்திருந்தேன். அதையும் அவர் பார்வையில்தான் செய்தேன்; அதற்குப் பிரஷ் வேண்டியதில்லை, சின்னக் கத்தி போதும். இனி உடல் நிறப் பவுடர். காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீரைச் சொட்டுவிட்டுக் குழைத்தேன். பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, தட்டித் தட்டி, மேலே வருகிற தண்ணீரை டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. சுடும்போது நன்றாகச் சுருங்கும் என்பதால் பல்லை நிஜ அளவைவிடப் பெரிதாகக் கட்ட வேண்டும்.

“பெருசா இருக்கே” என்றார் ஓதுவார்.

“சூட்டுல வத்திரும் ஐயா” என்று சொல்லிக்கொண்டே பிரஷ்ஷின் நுனி கூராக வேண்டுமே என்று அதை உதட்டுக்குள் விட்டு ஓர் இழுப்பு இழுத்தேன்.

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறது அது. மெட்ராஸில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் செய்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் செய்திருப்பார். நுனியைக் கூராக்க உதட்டைப் போல வசதியான கருவி கிடையாது. கை தானாகப் போகும், தானாக வரும். அந்தக் காலையில் அது போய் வந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்து ஸ்டூல் கவனித்தது.

“தம்பி, இப்ப என்ன பண்ணுனீங்க?”

என்ன பண்ணினேன் என்று நானே தேடினேன். பிறகு புரிந்தது. கையில் பிரஷ், வாயில் மட்டன் மசாலாவின் மிச்சம், எதிரே திருநீறு.

எலும்புக்குத் தயாராக வந்தவன் எச்சிலுக்குத் தயாராக வரவில்லை. ஆனாலும் வாதத்தில் நான் சளைத்தவன் இல்லை. ஆயிரம் டிகிரியை ஒட்டிச் சுடப்போகிறேன், அந்தச் சூட்டில் எச்சில் என்ன, எதுவுமே மிஞ்சாது, அக்கினியைவிடச் சுத்தம் உண்டா என்றேன்.

“ஓமத்துல எச்சி நெய்ய ஊத்துவீங்களா?” என்றார் அவர். கோபமே இல்லாமல் கேட்டார்.

என் கையில் கடைசியாக ஒரு சீட்டு இருந்தது. அதை இறக்கினேன். “ஐயா, யோசிச்சுப் பாருங்க. இந்தப் பல்லு இனிமே ஆயுசு பூரா எச்சிலுக்குள்ளதானே கெடக்கப் போவுது?”

“அது என் எச்சி” என்றார்.

வாதம் முடிந்துவிட்டது. வாயைப் பற்றி ஒரு மனிதர் சொல்லக்கூடிய கடைசி வார்த்தை அதுதான் என்று எனக்கு அன்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. கட்டியதை அப்படியே தண்ணீரில் கரைத்துக் கொட்டினேன். கண்ணாடித் தட்டைக் கழுவினேன். பிரிக்காமல் வைத்திருந்த புதுப் பிரஷ்ஷைப் பிரித்தேன். வாயை நாலு முறை கொப்பளித்தேன். மறுபடி குழைத்து, முதல் கொத்தை எடுத்து வைத்து, நுனி விரிகிறதே என்று பார்த்தால் கை பாதி தூரம் வாயை நோக்கி வந்துவிட்டிருந்தது. நானே அதிர்ந்துபோனேன். பத்து வருஷப் பழக்கத்துக்கு நான் எஜமான் இல்லை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

ஓதுவார் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து நீளவாக்கில் மடித்தார். எனக்குப் பின்னால் வந்து நின்று, என் வாயை மூடி, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“மடப்பள்ளியில நைவேத்தியம் பண்றவங்களுக்கு இப்பிடித்தான் கட்டிவிடுவோம்” என்றார். “மூச்சு முட்டுதா?”

இல்லை என்று தலையாட்டினேன். வேறு எதையும் சொல்ல வழியில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்த முதல் நாள் அது என்று பிறகு டாக்டர் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

கை விடாமல் வந்தது. ஒவ்வொரு தடவையும் துண்டில் முட்டித் திரும்பியது. துண்டில் வாய் இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. அப்படி முட்டிய போதெல்லாம் பிரஷ்ஷை அலசிவிட்டு, ஈரக் கண்ணாடித் தட்டில் சாய்த்து இழுத்துச் சுழற்றினால் நுனி தானாகக் கூராகிறது என்று கொஞ்ச நேரத்தில் கண்டுகொண்டேன். உடல் நிறம் கட்டி, முனையில் எனாமல் வைத்து, பர்னஸ் வாசலில் காயவைத்து, உள்ளே தள்ளினேன். வாக்குவம் பம்ப் உறுமியது. ஓதுவார் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் வோல்டேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரிந்த பாஷையில் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே எடுத்து, கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து மெல்ல ஆறவிட்டு, லென்ஸில் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

அது ஏன் விசேஷம் என்று சொல்ல வேண்டும். என் பீங்கானில் அவ்வப்போது ஊசி முனையளவு குமிழியும் சாம்பல் புள்ளியும் விழும். மதுரையின் வோல்டேஜைத் திட்டுவேன், பம்ப்பைத் திட்டுவேன், பவுடர் அனுப்பிய கம்பெனியைத் திட்டுவேன். என் நாக்கைத் திட்ட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. பீங்கான் பவுடரில் வேறு எது சேர்ந்தாலும் சூட்டில் அது வாயுவாகவோ கறையாகவோ தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று அந்தத் தடித்த புத்தகத்திலேயே இருக்கிறது. படித்தும் இருக்கிறேன். அது மற்றவர்களுக்கு எழுதியது என்று நினைத்திருந்தேன். எச்சில் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு புள்ளி விழுவது அபூர்வமாயிற்று. வோல்டேஜ் அப்படியேதான் இருந்தது.

தகட்டை உரித்து, பல்லை டாக்டர் ஒட்டினார். ஒட்டியதும் கண்ணாடியைக் கொடுத்தோம். ஓதுவார் அதை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “சிவ” என்றார். முதலில் மெதுவாக. பிறகு கிளினிக் ஜன்னல் கம்பி அதிரும்படி. விசில் இல்லை. அதன் பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தார்.

6. பிரகாரம்

கும்பாபிஷேகத்துக்குப் போயிருந்தேன். அவர்தான் பாடினார். பாட்டைக் கேட்டேன் என்று சொன்னால் பொய். பல்லைக் கேட்டேன். ஒவ்வொரு “ச”வுக்கும் என் தோள் தானாக இறுகியது. டாக்டர் சொன்ன மைக் ஞாபகம் வேறு. பக்கத்தில் நின்ற கொட்டாம்பட்டிக்காரர் ஒருவர் கண் கலங்கி, “என்னா குரலு, பாத்தீங்களா” என்றார். என்னா ஓரம், என்னா ஒட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல் உடையவில்லை. அவருடைய இடமும் போகவில்லை. வெளியூர்ப் பாடகரைப் பற்றிப் பிறகு யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து பிரகாரத்துக்கு வந்தால் சுந்தரம் ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்று, அத்தான் பல் மேலூர்க் கல்லில் கட்டியது, இந்தத் தூணும் அந்தப் பல்லும் ஒரே கல் என்று அளந்துகொண்டிருந்தார். உண்மையில் அந்தப் பவுடர் கப்பலில் வந்தது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அந்தப் பழக்கம் புதிதாக வந்திருந்தது. பின்னாளில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் “அந்த மேலூர்க்கல்லுப் பல்லு” என்றே கேட்டார்கள். கடி பார்த்து, சிலருக்கு அதைக் கட்டினேன். சிலருக்கு அது கூடாது, உலோகம் வைத்ததுதான் நிற்கும் என்று சொல்லி அதையே கட்டினேன். கரும்பு கடிக்கிறவருக்குக் கோயில் தூணே ஆனாலும் தாங்காது.

எனக்குள் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. எலும்பு கேட்டார், எச்சில் கேட்டார், பிரஷ்ஷைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது ஒரு வகைக் கீரியின் வால் முடி. கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டும் இருந்தேன். ஓதுவார் என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். புதுப் பல் தெரியச் சிரித்தார். இனி தாங்காது என்று நானே சொல்லிவிட்டேன்.

“முடின்னு அன்னிக்கே பாத்தேனே” என்றார். “சாமிக்கு வீசுற சாமரம் என்ன வாழ நாருலயா செஞ்சிருக்கு?”

“அப்ப எலும்புக்கு மட்டும் ஏன்யா அம்புட்டு கோவம்?”

“நாளைக்கு ஒருத்தன் இந்தச் சந்நிதியில நின்னு, வாயில எலும்ப வச்சுக்கிட்டுப் பாடுறான்னு சொன்னா எனக்குப் பதில் வேணும்ல தம்பி. ஒங்ககிட்ட பதிலைக் கேட்டேன். நீங்க பல்லைப் பத்திச் சொன்னீங்க.”

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கடியைப் பாருங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள், ஈறைப் பாருங்கள். இவை புத்தகத்தில் இருக்கின்றன. அதோடு, அந்தப் பல்லை வாங்கிக்கொண்டு போகிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எதைப் பொறுப்பார், எதைப் பொறுக்கமாட்டார் என்பது அவர் போட்ட கோடு. அது ஏன் அங்கே போகிறது, இங்கே வளைகிறது என்று நாம் வாதாட வேண்டியதில்லை.

அந்தத் துண்டை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எப்படி வாங்குவார், அது முழுக்க என் எச்சில். துவைத்து லேபில் ஆணியில் மாட்டியிருந்தேன். பவுடரைக் குழைக்கிற நாளெல்லாம் எடுத்துக் கட்டிக்கொள்வேன். பார்த்தவர்கள், பவுடர் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று கட்டியிருக்கிறார், விவரமான ஆள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வாய் கட்டியிருந்ததால் நான் மறுக்கவில்லை.